மேற்கண்ட அனைத்தும்

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், வந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே பூங்கோதை என்ற உடும்பு மூன்றாம் ஆண்டு படித்தது. படித்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. கபடி ஆடியது என்பதுதான் நிஜம். அது ஒரு காலைப் பிடித்துவிட்டால் யானைக்கன்றுகூடக் கோட்டைத் தொட முடியாது. சனிக்கிழமை இறுதிப் போட்டி. ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வனக்காவல் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் வீட்டில் பேசி வைத்திருக்கும் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம். பூங்கோதைக்கு உலகத்தில் வேறு நினைப்பே இல்லை.

உடற்கல்வித் துறைத் தலைவர் கொக்கு சதானந்தத்துக்கோ வேறு நினைப்பு. ஆய்வுக் கட்டுரை எழுதினால்தான் பதவி உயர்வு என்று மேலிடம் ஒற்றைக்காலில் நின்றது. கொக்கிடமே அந்த வித்தை. யோசித்துப் பார்த்துவிட்டு, விளையாட்டில் ஜெயிக்க மாணவர்கள் ஊக்கமருந்து எடுக்கிறார்களா, அதைப் பற்றி அவர்களுக்கு விழிப்புணர்வு இருக்கிறதா என்று ஆராயப் புறப்பட்டார்.

புதன்கிழமை வகுப்பில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்.

"பேர் எழுத வேண்டாம். எல்லாம் ரகசியம். பதிவு எண் மட்டும் கட்டாயம்," என்றார்.

தாளைக் கையில் வாங்கியதும் வகுப்பு தன் வழக்கப்படி முதல் பெஞ்சை எட்டிப் பார்த்தது. அங்கேதான் முயல் அறிவுடைநம்பி உட்கார்ந்திருக்கும். அது மருந்து என்று தொட்டதெல்லாம் இருமலுக்குத் துளசிச் சாறுதான். ஆனால் எந்தத் தேர்விலும் 'மேற்கண்ட அனைத்தும்' என்று ஒரு விடை இருந்தால் அதுதான் சரி என்பது முயல் கண்ட உண்மை. ஏழாம் கேள்வி இப்படி இருந்தது: நீங்கள் எடுக்கும் ஊக்கமருந்து எது? அ, மாத்திரை. ஆ, ஊசி. இ, பவுடர். ஈ, மேற்கண்ட அனைத்தும். முயல் கண்ணை மூடிக்கொண்டு ஈயில் டிக் அடித்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் ஈ பரவியது.

பூங்கோதை மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த கீரி குசுகுசுத்தது.

"ஏய், ஏழாவதுக்கு ஈ."

"நான்தான் எதுவும் போடலையே."

"நீ போட்டா என்ன, போடலைன்னா என்ன? ஆன்சர் ஈ."

பூங்கோதைக்கு மனசு ஒப்பவில்லை. நாலையும் விட்டுவிட்டு, கீழே இருந்த இடத்தில் 'எதுவும் இல்லை. முட்டை மட்டும்' என்று எழுதிக் கொடுத்தது.

வியாழக்கிழமை கொக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மறைக்காம ஒத்துக்கிட்டாங்க. அதுக்குப் பேர்தான் விழிப்புணர்வு. எல்லாருக்கும் வாய்மைச் சான்றிதழ் தரப்போறேன். நீ ஒருத்திதான் இல்லைன்னு எழுதியிருக்கே."

"நான் நிஜமாவே எடுக்கலை சார்."

"ஊரே எடுக்குது, டீம்லயே நல்லா ஆடுற நீ எடுக்கலை. நம்புற மாதிரியாம்மா இருக்கு? ஒத்துக்கிட்டவங்களுக்கு மன்னிப்பு உண்டு. மறைக்கிறவங்களைச் சனிக்கிழமை இறக்க மாட்டேன்."

பூங்கோதை, தான் முட்டை வாங்குகிற காட்டுக்கோழியைச் சாட்சிக்குக் கூப்பிடவா என்று கேட்டது. கொக்கு புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். உடும்பு வேலையை நினைத்தது, கல்யாணத்தை நினைத்தது, ஈயில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டது.

"இப்பதான் உனக்கு விழிப்புணர்வு வந்திருக்கு," என்று கொக்கு தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை பூங்கோதை பிடித்த பிடியில் எதிரணி நரிகள் ஆறு பேர் மண்ணைக் கவ்வினார்கள். கோப்பையும் வந்தது. ஆனால் ஜெயித்த அணியின் சிறந்த ஆட்டக்காரரைப் பரிசோதிக்க வேண்டும் என்பது போட்டியின் விதி. ஆந்தை டாக்டர் சிறுநீரை வாங்கிப்போய்ச் சோதித்து, திங்கட்கிழமை முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்: ஊக்கமருந்து எதுவும் இல்லை.

பூங்கோதைக்கு உயிரே திரும்பி வந்தது. ஒரு மரம் விடாமல் ஓடி எல்லோரையும் கூட்டி வந்தது.

"பார்த்துக்குங்க. நான் அப்பவே சொன்னேன்ல, எதுவும் எடுக்கலைன்னு."

கூட்டம் பலகையைப் படித்தது. முயல்தான் மெல்ல வாயைத் திறந்தது.

"உன் வாய்மைச் சான்றிதழைப் பார்த்தோம். மாத்திரை, ஊசி, பவுடர், மூணும் எடுத்திருக்கே. ஒண்ணுகூட டெஸ்ட்ல தெரியலை. கப்பும் ஜெயிச்சிருக்கே. எந்தக் கடை?"

"ஐயோ, நான் எடுக்கவே இல்லப்பா. அது சும்மா எழுதினது."

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு இப்ப இல்லைங்கிறே. எங்களுக்குக் கிடைக்கக்கூடாதுன்னுதானே?" என்றது கீரி.

அன்று சாயங்காலம் காட்டின் எல்லையில் இருந்த மருந்துக்கடை வாசலில் வரிசை ஆலமரம் வரைக்கும் நின்றது. பூங்கோதை ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்துப் பார்த்தது. யானைக்கன்றை நிறுத்திய அந்தப் பிடிக்கு ஒருவரும் நிற்கவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்ற முயலிடம் கடைக்காரக் குரங்கு எது வேண்டும் என்று கேட்டது.

"மேற்கண்ட அனைத்தும்," என்றது முயல்.

நீதி: உண்மையை எழுதுவதில் தவறில்லை, பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதவும்.