மச்சானுக்கு வந்த சந்தேகங்கள்

ஓஸ்வால்டை வீட்டை விட்டுக் கிளப்பியே தீருவது என்று ஆம்ப்ரோஸ் மாஸ்டர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அப்போது அவர் தோளில் துண்டோடு, தன் சொந்த பாத்ரூம் கதவுக்கு வெளியே இருபது நிமிஷமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே மச்சான் பாடிக்கொண்டிருந்தான்.

ஓஸ்வால்ட், மாஸ்டரின் மனைவி பிரிஜெட்டுக்குக் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகாதவன். சந்தாபுராவில் அவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்றுகிறார்கள், பத்தே நாள் என்று சொல்லிவிட்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தான். ஏழு வாரம் ஆயிற்று. மாஸ்டரின் அறை, மாஸ்டரின் கட்டில், மாஸ்டரின் ஜன்னலோர மேஜை எல்லாம் இப்போது அவனுடையவை. பிரிஜெட் படுக்கும் சமையலறையோரச் சின்ன அறையில் ஒருவருக்குமேல் இடமில்லை, அதனால் மாஸ்டர் ஹாலில் திவானில் படுக்கிறார். அது உட்காருவதற்காகச் செய்யப்பட்டது என்பதை அவர் முதுகு தினமும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏழு வாரமா ஓடு மாத்தறாங்கன்னா அது வீடா, கதீட்ரலா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"மழை வந்தா வேலை நின்னுடுதாம்," என்றாள் பிரிஜெட்.

"மழை நின்னு பத்து நாளாச்சே!"

"வெயில்ல ஆளுங்க வர மாட்டேங்கறாங்களாம். இங்க பாருங்க. அவனா போறேன்னா போகட்டும். நீங்க வாயைத் திறந்து போன்னு சொன்னீங்க, நானும் பெட்டியைக் கட்டிக்கிட்டு அவன் பின்னாடியே போயிடுவேன். அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சுக்கங்க."

மாஸ்டர் யோசித்தார். அதிக நேரம் ஆகவில்லை. ஓஸ்வால்ட் தானாகத்தான் போக வேண்டும். அதற்கு அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது.

முப்பத்து நான்கு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர் அவர். ரிட்டையரான நாளிலிருந்து 'புட் அப்' (put up) என்ற இரண்டே வார்த்தைகளின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். இங்கிலீஷ்காரன் அந்த இரண்டையும் சேர்த்து எந்த நூற்றாண்டில் என்ன அர்த்தத்தில் பேசினான் என்பதையெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதி, மூன்று ஷூ டப்பாக்களில் அடுக்கியிருந்தார். பதினோரு வருஷ உழைப்பு. அதைப் படித்துக் காட்டினால் ஆட்கள் எந்த வேகத்தில் ஓடுவார்கள் என்று அவருக்கே தெரியும். ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் முதல் டப்பா பாதியிலேயே எழுந்து ஓடினவர், விட்டுப்போன ஹெல்மெட்டைக்கூட வாங்க வரவில்லை. சர்ச் ஹாலில் பேசியபோது பத்தாவது நிமிஷம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் போடச் சொல்லி ஒரு ஆத்மா கேட்கவில்லை. பிரிஜெட் மட்டும் காலையில் மீன் கழுவிக்கொண்டே 'ம்' கொட்டுவாள். அதுவும் மீனுக்கா தனக்கா என்று மாஸ்டருக்கு இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இட்லித் தட்டு காய்வதற்குள், அவர் முதல் டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பிரிஜெட் டப்பாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

"ஓஸ்வால்ட், அந்தக் காலத்துல 'புட் அப்'னா உருவின கத்தியைத் திரும்ப உறையில போடறது," என்று மாஸ்டர் ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் விடவில்லை. ஓஸ்வால்டின் கண் இரண்டு தடவை செருகியது. மறுநாள் வேட்டை. புதருக்குள் பதுங்கியிருக்கும் முயலைக் கிளப்பி வெளியே விரட்டுவதற்கும் அதே வார்த்தைதான் என்று, முயல் என்ற இடத்திலெல்லாம் மச்சானை முறைத்தபடி சொன்னார். எழுந்திருக்கும்போது ஓஸ்வால்ட் தலையைச் சொறிந்தான்.

"மாமா, ஒரு டவுட்டு. முயலுக்கு மட்டும்தானா, காடை கௌதாரிக்கும் அப்படிச் சொல்வாங்களா?"

முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் அவரிடம் பையன்கள் கேட்ட ஒரே சந்தேகம், பெல் அடிச்சிடுச்சா சார் என்பதுதான். "சொல்வாங்க! கௌதாரிக்கும் உண்டு!" என்று டப்பாவைக் குடைந்து அந்தக் குறிப்பை எடுத்து நீட்டினார்.

அதன்பிறகு தினமும் ஒரு சந்தேகம் வந்தது. அவமானப்படுத்தினால் பதில் பேசாமல் விழுங்கிக்கொள்வதற்கு அந்தப் பெயர் என்றால், யாருக்கும் தெரியாமல் விழுங்கினாலும் அதே பெயரா என்றான். ஊறுகாய் போட்டு வைப்பதற்கும் அதே வார்த்தை என்றபோது, கருவாடு சேருமா என்றான். கடைசி அஸ்திரமாக மாஸ்டர் சத்திரத்தை எடுத்தார். வழிப்போக்கனும் குதிரையும் தங்குவதற்கு அப்படிச் சொல்வார்கள், ஆனால் ஒரே ராத்திரிதான், விடிந்ததும் போய்விடுவார்கள் என்று அழுத்திச் சொன்னார்.

"குதிரைக்கு நொண்டிக்கால் ஆயிட்டா என்ன மாமா பண்ணுவாங்க?"

அதற்குக் குறிப்பு இல்லை. மாஸ்டர் இரண்டு நாள் தேடினார். அந்த இரண்டு நாளும் அவருக்கு வாழ்க்கை இனித்தது. தெருமுனை பேக்கரியிலிருந்து மச்சானுக்கு மட்டன் பஃப் வாங்கிவர ஆரம்பித்தார். முதுகு வலித்தது, ஆனால் எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டது.

மூன்றாவது வாரம் ஓஸ்வால்ட் பையோடு வந்து நின்றான்.

"மாமா, ஓடு வேலை முடிஞ்சுது. நாளைக்குக் கிளம்பறேன்."

"எப்படிப் போவ?" என்று மாஸ்டர் அலறினார். "பதினெட்டாம் நூத்தாண்டே பாதிலதான் நிக்குது!"

"சக்கத்தா, சூப்பராதான் இருக்கு மாமா. ஆனா உங்க ரூமை நான் எடுத்துக்கிட்டு, நீங்க திவான்ல..."

"திவானுக்கு என்னடா குறைச்சல்?"

"விடுங்க, அவன் போகட்டும்," என்றாள் பிரிஜெட். "உங்களுக்கும் கஷ்டம்."

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கூடப் பொறந்த தம்பி! வந்தவனை இரு சாப்பிடுன்னு சொல்லத் தெரியாதா உனக்கு? கிறிஸ்மஸ் வரைக்கும் அவன் இங்கதான் இருப்பான். இது என் ஆர்டர்!"

"நீங்க சொன்னா சரிதாங்க," என்றாள் பிரிஜெட், மிகவும் அடக்கமாக.

அன்றைக்கே மாஸ்டர் தன் பீரோவையும் அறையிலிருந்து ஹாலுக்கு இழுத்துப் போட்டார், மச்சானுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று. வேர்த்துக் கொட்ட, தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனார். உள்ளே பிரிஜெட் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கோலாரில் இருக்கும் பெரிய தம்பி ஃபிராங்க்ளின்.

"தாராளமா வாடா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு முடியற வரைக்கும் இரு. அவரா? ஒண்ணும் சொல்ல மாட்டார். தினம் ஒரு டவுட்டு கேளு, போதும். நீ யோசிக்க வேணாம், ஓஸ்வால்டுக்கு நான்தான் முந்தின நாளே எழுதிக் கொடுக்கறேன். பதினோரு வருஷமா காலைல நான் ஒருத்தியே கேட்டுக்கிட்டிருந்தேன்டா. இவன் வந்தப்புறம்தான் நிம்மதியா மீன் கழுவறேன். ரூம் ஓஸ்வால்டுக்கு. உனக்கு அந்த திவான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசலில் மாஸ்டர்.

"அந்தக் குதிரை டவுட்டு?" என்றார்.

"நான்தான்."

"காடை கௌதாரி?"

"அதுவும்தான். டப்பாவோட நீங்க வந்து உக்காந்தப்பவே எனக்குத் தெரியாதா, எதுக்குன்னு?"

மாஸ்டருக்கு வலித்தது. ஆனால் நொண்டிக்குதிரை உண்மையிலேயே உயர்ந்த கேள்வி. அதைக் கேட்கப் பதினோரு வருஷம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்க வேண்டும். அழுவதா, பெருமைப்படுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகுதான் திவான் விஷயம் அவருக்கு உறைத்தது.

"பிரிஜெட், ரூம் அவனுக்கு, திவான் இவனுக்குன்னா, நான் எங்கதான் படுக்கறது?"

பிரிஜெட் அடுப்பைத் தணித்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இது நல்ல டவுட்டுங்க," என்றாள்.