தச்சர் இல்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டி

மாத நாவல் ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனும், எங்கள் சபையின் செயலாளனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் மாத நாவலும் நலமாயிருக்க வேண்டும் என்று மட்டும் என்னால் மனமார வேண்ட முடியவில்லை. மன்னிக்கவும்.

என் மனைவி தங்கள் சந்தாதாரர். சின்ன ஊர், சபை, சுத்தமான காதல், கடைசிப் பக்கத்தில் கல்யாணம் என்று தாங்கள் மாதாமாதம் அனுப்பும் கதைகளை ஒன்று விடாமல் படிக்கிறவள். கெட்ட வார்த்தை கிடையாது, கட்டிப்பிடிப்பது கிடையாது, யாரும் குடிப்பது கிடையாது என்பதால் நானும் இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன். போன வாரம் நடந்த விபரீதத்துக்குப் பிறகுதான், இப்போது வரும் தொடரின் பாகங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைத் தராசைச் சோதிக்கிற அதே கண்ணோடு படித்தேன். ஐயா, எடை குறைகிறது.

அது என்ன ஊர்? ஒரு தெரு, ஒரு ஏரி, ஓர் ஆலயம், ஒரு ரொட்டிக்கடை. அந்த ஊரில் சாக்கடை அடைத்துக்கொள்வதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் ரேடியோவை அலற விடுவதில்லை. நிச்சயதார்த்தம் முறிந்து பட்டணத்திலிருந்து திரும்பிய பெண், செத்துப்போன சித்தியின் ரொட்டிக்கடையைத் திறக்கிறாள். எட்டு மணிக்குச் சாவகாசமாக எழுந்து, கையில் காப்பியோடு ஜன்னலில் நின்று ஏரியைப் பார்க்கிறாள். எட்டு மணிக்கு எழுந்தால் ரொட்டியை யார் போட்டது, தேவதூதரா? கடையில் தராசு என்று ஒரு சாமானே இல்லை. எல்லாம் கண் மதிப்பு, கை மதிப்பு. அந்த ஊரில் நான் பணியில் இருந்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கடைக்குச் சீல் வைத்திருப்பேன், கதையும் அத்தோடு ஒழிந்திருக்கும். அவளைக் கைவிட்ட பட்டணத்து மாப்பிள்ளை கெட்டவனாம். காரைத் துடைத்து வைத்திருக்கிறான், சாப்பிடும்போது போன் பேசுகிறான். இவற்றைத் தவிர அவன்மேல் வேறெந்தக் குற்றத்தையும் தாங்கள் நிரூபிக்கவில்லை.

அப்புறம் அந்தத் தச்சர். மனைவியை இழந்தவர், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, மேலே மரத்தூளும் சோப்பும் கலந்த வாசனை. நாலு பாகமாக ஒரே ஒரு நாற்காலியை உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் கதவைச் சரிபண்ண வந்த தச்சரும் இப்படித்தான் மாதக்கணக்கில் இழுத்தடித்தார், அவரை யாரும் காதலிக்கவில்லை. என் மனைவி அவரைத் திட்டிய திட்டைத் தெருவே நின்று கேட்டது. அவர்மேல் வந்தது சிகரெட் வாசனை. இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

"உங்களுக்கு என்ன தெரியும்? அவன் அவகிட்ட, இன்னிக்குப் பூரா நீ என்ன யோசிச்சிட்டிருந்தேன்னு கேக்கிறான். எந்த ஆம்பளை இதையெல்லாம் கேக்கிறான்?"

"நான் தெனமும் கேக்கலையா?"

"நீங்க சாப்பாடு ஆச்சான்னு கேக்கிறீங்க."

ரெண்டும் அக்கறைதானே ஐயா? தாங்களே சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன பாகத்தை எப்படி முடித்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? தச்சர் கையில் உளி பாய்ந்து, குழந்தை காய்ச்சலில் பிதற்றி, வெளியே பனி கொட்டி, டாக்டர் வர வழியில்லாமல் போன இடத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டீர்கள். மனசாட்சி உள்ளவர் செய்கிற வேலையா இது? இவள் அதைப் படித்து முடித்த அன்று சாயங்காலம் எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். வட்டமாக உட்கார்ந்து, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தராகச் சொல்வார்கள். ஒருத்தி மாமியார் முழங்காலைச் சொல்வாள், இன்னொருத்தி மகன் பரீட்சையைச் சொல்வாள். இவள் முறை வந்ததும், "பெண்சாதி இல்லாத ஒரு தச்சர், கையில அடி, குழந்தைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தங்கள் வாசகிகள் வேறு இரண்டு பேர் அங்கே இருந்தார்களாம், அவர்களாவது வாயைத் திறந்தார்களா? அவர்களும் சேர்ந்து அழுதார்களாம். பெண்கள் சங்கத் தலைவி தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஆறப்போடாத மனுஷி, இதை அப்படியே போதகர் காதில் போட, போதகர் ஞாயிறு ஆராதனையில் சபை முழுக்க எழுந்து நிற்கச் சொல்லி, பிறக்கவே பிறக்காத ஒரு குழந்தையின் காய்ச்சல் விட வேண்டுமென்று உருகி உருகி ஜெபம் பண்ண, நானும் எழுந்து நின்று எல்லாருக்கும் மேலே குரலெடுத்து ஆமென் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

ஜெபத்தோடு விட்டார்களா? மறுநாளே என் வீட்டு முன்னறை கிடங்காகிவிட்டது. தையல்காரம்மா ஆறு வயதுக்கு உத்தேசமாகக் கவுன்கள் தைத்துக்கொண்டு வந்தார். மருந்துக்கடைக்காரர் காய்ச்சல் மருந்தும் கைக்குக் கட்டுத்துணியும் அனுப்பினார். ஒரு வீட்டார் கம்பளி, ஒரு வீட்டார் மூன்று சக்கர சைக்கிள், ஒரு புண்ணியவான் ஒரு மெத்தை. அந்த மெத்தையைத் தாண்டிக் குதிக்காமல் நான் குளியலறைக்குப் போக முடியவில்லை, என் இடுப்பு இருக்கிற இருப்பில். பாடகர் குழுத் தலைவர் கல்யாணமாகாத தன் தங்கையின் போட்டோவை உறையில் போட்டுக் கொடுத்து, "சும்மா அவர்கிட்ட காட்டுங்க ஐயா, வற்புறுத்த வேணாம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். போதகர் என் தோளைத் தட்டி, "செயலாளர் ஐயா, நீங்களே நேர்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு, வர்ற ஞாயித்துக்கிழமை சபை முன்னால சாட்சி சொல்லிடுங்க" என்றார். நான் மனைவியிடம் தச்சரின் விலாசம் கேட்டேன். அவள் உள்ளே போய், தங்கள் நாவலை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"அடிப்பாவி! அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எப்படிங்க சொல்றது? நான் கண்ணைத் தொடச்சிட்டு நிமிர்றதுக்குள்ள ஜெபத்தை ஆரம்பிச்சுட்டாங்க. ஆமென் சொல்லி முடிச்சவங்ககிட்ட போய், அது கதைங்கன்னா?"

நான் கறாராகச் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மேடையில் உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் போகிறேன் என்று. பணியில் இருந்த காலம் முழுக்க யாருக்கும் ஒரு கிராம் விட்டுக்கொடுக்காதவன் நான். ஊரில் என்னைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க" என்றாள். "பைத்தியக்காரின்னு எல்லாரும் சிரிக்கட்டும். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட அந்த வாசப்படி ஏறுவேன்? உங்களுக்கு உங்க தராசு முள்ளு நேரா நின்னாப் போதும்."

அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது, சாப்பிட வாங்க என்று கூப்பிடத்தான் ஆளில்லை. நான் மெத்தையின் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது யாதெனில், மேற்படி தச்சர், அவர் மகள், ரொட்டிக்கடைப் பெண், ஏரி ஆகிய அனைத்தும் கற்பனையே என்று தங்கள் அலுவலகத் தாளில் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி உடனே அனுப்ப வேண்டும். என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பச் சொன்னால், மெத்தையை நானே அமுக்கிக்கொண்டேன் என்று நாலு பேர் பேசுவார்கள். இனி வரும் பாகங்களின் அட்டையில் 'உள்ளே இருப்பது அத்தனையும் புளுகு' என்று கொட்டை எழுத்தில் போடவும். நல்ல புத்தகம் என்ற பெயரில் தாங்கள் விற்பது, கையாலாகாத கணவன்மார்களைப் பற்றிய மறைமுகப் புகார். அவ்வளவுதான். என் மனைவியின் சந்தாவை இத்துடன் நிறுத்திவிடவும்.

கர்த்தர் தங்களுக்கும் தங்கள் அச்சகத்தாருக்கும் நல்ல சுகத்தையும், உண்மை எழுதும் துணிவையும் அருளுவாராக.

இப்படிக்கு,
சபைச் செயலாளர்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மேடை ஏறினேன். இவள் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தச்சர் நலம்" என்று வந்தது. கை ஆறிவிட்டது, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன். பொருள்களை எல்லாம் பிள்ளைகள் விடுதிக்குக் கொடுத்துவிடும்படி தச்சரே கேட்டுக்கொண்டார் என்றேன். அத்தோடு இறங்கியிருக்கலாம். தலைமை நர்ஸ், "பாவம், இனிமேலும் தனியாவா கஷ்டப்படணும்?" என்று கேட்டுவிட்டார். இல்லையம்மா, ரொட்டிக்கடைப் பெண்ணோடு அடுத்த மாதம் கல்யாணம், விடியுமுன் எழுந்து உழைக்கிற பெண் என்றேன். சபை கைதட்டியது. பாடகர் குழுத் தலைவர் மட்டும் தட்டவில்லை.

திரும்பி வரும் வழியில் இவள் என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். "இவ்வளவும் எங்கிருந்துங்க வந்துச்சு உங்களுக்கு?" என்றாள். வீட்டுக்கு வந்ததும், "கல்யாணத்துல அந்தக் குழந்தை எங்க நிக்கும்?" என்று கேட்டாள். ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கிட்டு நடுவுல நிக்கும் என்றேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே சான்றிதழ் வேண்டாம். சந்தாவும் இருக்கட்டும். அடுத்த பாகத்தில் கல்யாணத்தை நான் சொன்னபடியே நடத்திவைக்கவும். தாங்கள் ஒரு வரி மாற்றினாலும் நான் பொய்யனாகிவிடுவேன்.