பொம்மையைக் கொன்ற விரல்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலமில்லாமல் போனது ஒரு பொம்மை மட்டும்தான். மூன்று முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று கோபித்திருந்தாய். வேலை மும்முரத்தில் காதில் விழவில்லை, நம்பு.

தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் திறன் பயிற்சி வைத்தார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸ்காரிக்கு என்ன பயிற்சி என்று கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை, அதற்கு மூச்சு உண்டு, நாடி உண்டு, தலைமாட்டில் மானிட்டரும் உண்டு. மானிட்டர் அலறியது. எங்கள் வார்டில் அது ஒரு நாளைக்கு நூறு தடவை அலறும், தொண்ணூறு தடவை நோயாளி புரண்டு படுத்ததாகத்தான் இருக்கும், ஆகவே என் விரல் என்னைக் கேட்காமலே போய்ச் சத்தத்தை அணைத்தது, நானும் போர்வையை இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, தூங்கு" என்றேன், பொம்மையும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரேயடியாகத் தூங்கிவிட்டது. பயிற்சி கொடுத்தவள் என்னிடம் வேலை பழகிய பெண்தான். "அக்கா, மூச்சு நின்னு மூணு நிமிஷம் ஆச்சு. முகத்தப் பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை. சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. கட்டிலில் ஒரு மனுஷன் இருந்திருந்தால்? அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அக்கா.

மறுதேர்வு இன்று நான்கு மணிக்கு. தவறினால் வாசலில் சீட்டு எழுதும் மேஜைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வார்டை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. பத்து நாளாக வீட்டில் பயிற்சி எடுக்கிறேன்: எது கத்தினாலும் முதலில் முகம், அப்புறம்தான் பொத்தான். குக்கர் கத்தினால் அதன் முன்னால் நின்று முகத்தைத் தேடுகிறேன். "அடி பிடிக்குது, என்னத்தப் பாத்துட்டு நிக்கிற?" என்று வீட்டுக்காரர் கத்துகிறார், அவர் முகத்தையும் பார்க்கிறேன். விரல் திருந்திவிட்டது, இது சத்தியம்.

மூன்று, மூன்றேகால், மூன்றரை என்று போனில் மூன்று அலாரம் வைத்திருக்கிறேன், முதல் அலாரத்துக்கே கிளம்பிவிடுவேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வருஷம் நன்றாக மூச்சுவிட என் ஆசி.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: இந்த வரிகளின் கோணலை மன்னித்துவிடு, ஓடும் பஸ்ஸில் எழுதுகிறேன். மணி மூன்று ஐம்பது. மூன்று அலாரமும் அடித்திருக்கின்றன, மூன்றையும் யாரோ அணைத்திருக்கிறார்கள். அப்போது வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. உன் மூன்று அழைப்புகளையும் அதே ஆள்தான் அணைத்திருக்க வேண்டும்.