சுழி சுத்தமான தாய்க்குதிரை

நான் பொறாமைக்காரன். மற்றவர்கள் சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எல்லோர் மேலும் கிடையாது. ஒரே ஒருத்தன் மேல்தான். அவன் என் பெரியப்பா மகன் கண்ணன்.

கண்ணன் எனக்கு இருபத்திரண்டு நாள் மூத்தவன். அந்த இருபத்திரண்டு நாளுக்காக ஆயுசு முழுக்க அவனை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என் கூடப்பிறந்த தங்கை சாந்திக்குக்கூட அவன் பெரியண்ணன், நான் சின்னண்ணன். (எங்க அம்மா ஒரு மாசம் முந்திப் பெத்திருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.) அவன் தோட்டத்தில் அறுநூறு அடிக்கு போர் போட்டுத் தண்ணீர் வந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் நான் எழுநூறு அடிக்குப் போட்டேன். புழுதி வந்தது.

அப்படிப்பட்டவன் நாலைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு குதிரை வாங்கினான். இளம் பெட்டைக்குதிரை, பெயர் மின்னல். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தோட்டத்து வேலியோரமாகத்தான் ஓட்டிப் போவான். நான் தலையைத் தூக்க மாட்டேன். எங்கே வாங்கினான் என்றும் கேட்கவில்லை. கேட்டால் ஆசைப்பட்ட மாதிரி ஆகிவிடுமே!

அதோடு விட்டிருப்பேன். ஆனால் சாந்தி தன் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தாள். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். என் மடி காத்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் இருக்கும்போது சாந்தி போன் செய்தாள்.

“சின்னண்ணே, கோவிச்சுக்காத. எங்க வீட்டுல, குதிரையில வாற மாமன் மடியில உக்காத்துனா போட்டோவுக்கு நல்லாருக்கும்கிறாக. பெரியண்ணன் குதிரையில வாராராம். நீ சீர்த்தட்டெல்லாம் ஏத்திக்கிட்டு வேன்ல வந்துரு.”

வேனாம்! எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆயக்குடிப் பக்கம் குதிரை வளர்க்கும் ஒருவரைத் தேடிப் போய்விட்டேன். விஷயம் கண்ணன் காதுக்குப் போய்விடக் கூடாது என்று என் ஊர், பேர் எதையும் அவரிடம் சொல்லவில்லை.

அவர் கொய்யா மரத்தடியில் கட்டியிருந்த ஒரு செம்பழுப்புக் குதிரையைக் காட்டினார். வயிறு நன்றாகத் தொங்கியிருந்தது.

“முன்னால நல்லா ஓடுன குதிரைதானுங்க. அப்புறம் குட்டிக்குன்னு உட்டுட்டோம். மூணு குட்டி போட்டுச்சுங்க. இப்பச் சினை நிக்கறதில்லீங்க, அதான் குடுக்கறேன். எட்டு வருசமா முதுகுல சேணம் ஏறலீங்க. மூணு மாசம் கையில புடிச்சு நடத்தோணும். ஆளு ஏறுறது அதுக்கப்புறந்தானுங்க.”

நான் இதையெல்லாம் எங்கே கேட்டேன்? சுழி பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையின் ரோமம் எங்கெங்கே சுழித்திருக்கிறது என்பதில்தான் வாங்குகிறவன் தலையெழுத்தே இருக்கிறது என்று ராத்திரி முழுக்க போனில் வீடியோ பார்த்திருந்தேன். நெற்றி, கழுத்து, மார்பு என்று மூன்று சுற்றுச் சுற்றினேன். கெட்ட சுழி ஒன்றுகூட இல்லை.

“ஏனுங்க, இன்னொண்ணும் சொல்லோணும். இதோட கடைசிக் குட்டி...” என்று ஆரம்பித்தார்.

“சுழி சுத்தமா இருக்கு, அது போதும்!” என்று கை காட்டி நிறுத்திவிட்டேன். (என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கணும். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அதுகூட வாங்கத் தோணல.)

செவப்பி என்று பெயர் வைத்தேன். தினமும் விடிகாலையில் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். சேணத்தின் வார் அவள் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. ஒரு முழம் சேர்த்துத் தைக்கச் சொன்னேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ரெண்டு பேருல யாரு குட்டி போட்டதுன்னே தெரியலங்க” என்றாள். மூன்று மாத வேலையை இரண்டு மாதத்தில் முடித்தேன். எனக்கு நாலு கிலோ குறைந்தது. அவளுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கடைசி இரண்டு வாரம் என்னை ஏற்றிக்கொண்டு கோணாமல் நடந்தாள். ஸ்பீக்கரில் உறுமிமேளம் போட்டுக்கூடப் பழக்கிவிட்டேன்.

காதுகுத்து அன்று பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்குச் சீர் ஊர்வலம். பட்டு வேட்டி, தலைப்பாகையோடு நான் செவப்பி மேல் வந்து நின்றேன். சாந்தி வாயைப் பிளந்தாள். “சின்னண்ணே, நீயா! அப்பப் பாப்பாவ உன் மடியிலயே உக்காத்திருவோம்ணே!” என்றாள். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நிமிடம் அது. ஒரு நிமிடம்தான்.

கண்ணன் மின்னலோடு தெருமுனையில் திரும்பினான். மின்னல் எங்களைப் பார்த்துக் கனைத்தது. செவப்பி காதை விறைத்து, நான் அதுவரை கேட்டிராத குரலில் பதில் கனைத்துவிட்டு நேராக அதை நோக்கிப் போனாள். கடிவாளத்தை இழுத்தேன், “ஏலே, நில்லு! நில்லு தாயே!” என்று கெஞ்சினேன். மேளக்காரர்களைப் பிளந்துகொண்டு போய் மின்னலின் கழுத்தை நக்க ஆரம்பித்தாள். அந்த நாலு வயதுக் கழுதை, வெட்கமே இல்லாமல், கண்ணனைச் சுமந்துகொண்டே இவள் வயிற்றுக்கடியில் தலையை விட்டுப் பால் தேடியது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணன் முழங்காலும் என் முழங்காலும் மாட்டிக்கொண்டன.

“தம்பி, ஆயக்குடியிலயா வாங்குன? மின்னலும் அங்கதான்டா!”

ஆயக்குடிக்காரர் சொல்ல வந்த கடைசிக் குட்டி எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஊர்வலத்தில் செவப்பி என் பேச்சைக் கேட்கவே இல்லை. மகளுக்கு முன்னால் போகவும் மாட்டாள், பிரியவும் மாட்டாள். வாலை முகர்ந்தபடி ஓரடி பின்னாலேயே நடந்தாள். கண்ணன் முன்னால் ராஜாவாகப் போக, நான் அவன் குடைக்காரன் மாதிரி பின்னால் போனேன். மண்டப வாசலில் மின்னலைத் தனியே கட்டப் போனதும் செவப்பி கத்திக்கொண்டு முன்காலைத் தூக்கினாள். பந்தல்கால் ஆடியது. நான் பக்கத்தில் நின்று தடவிக்கொடுத்தால்தான் அடங்கினாள்.

உள்ளேயிருந்து நல்ல நேரம் முடியப் போகிறது என்று சத்தம் வந்தது. கண்ணன் மின்னலின் கயிற்றையும் என் கையில் கொடுத்தான்.

“செத்த நேரம் புடிச்சுக்கடா தம்பி. இந்தா வந்துர்றேன்.”

போய்விட்டான். இரண்டு கையிலும் இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே யாழினி வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. என் மடியில் அழ வேண்டிய அழுகை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. யாரோ பார்த்துவிட்டு, “மாமனுக்கு எம்புட்டுப் பாசம் பாருய்யா” என்றார்கள். பாசமும் இருந்தது. அதற்கு மேல் எரிச்சல் இருந்தது.

மகளைப் பிரிந்த செவப்பி தீனியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நானே கூட்டிப்போய்க் கண்ணனின் குதிரைக் கொட்டத்தில் கட்டினேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஓட்டுகிறேன். மின்னலுக்கு ஓரடி பின்னால் போவதென்றால் அருமையாகப் போகிறாள். நான் வாங்கிய குதிரைகூட அவன் பக்கம்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி போடும்போது இன்றைக்கும் யாழினி குரல் கொடுப்பாள். “பெரிய மாமா பக்கத்துல ஒரு இலை போட்டு வைங்க. தாய்க்குதிரை வந்துரும்!”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் உட்காருவேன். உட்கார்ந்ததும், பிரியாணியில் அவனுக்கு ஒரு துண்டு கூட விழுந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.