பெண்ணின் உயரம் இரண்டேகால் அடி

திண்டிவனம்,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த லூர்துசெல்வி பெரியம்மாவுக்கு, உங்கள் தங்கை மகள் சகாய பிரியா எழுதுவது.

இல்லை. அலெக்ஸ் அண்ணனுக்கு நீங்கள் கேட்கும் அப்படி ஒரு பெண் இல்லை. உயரம் கேட்டீர்கள். இரண்டேகால் அடி, கைப்பிடி சேர்த்து. நிறம் கேட்டீர்கள். வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் துரு. படிப்பு கிடையாது. பெரியப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிப் பதிவில் நீங்கள் கேட்ட குரல், அப்பா மரம் அறுக்கும் ரம்பம். வாசித்தது நான்.

இங்கே எல்லோரும் நலம். உங்களைத் திருப்பலிக்கு வரவிடாத மாவுக்கட்டைப் பிரித்த காலில் அரிப்பு நின்றதா என்று அம்மா கேட்கிறாள். தேங்காய் எண்ணெய் போதுமாம்.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். முதல் தடவை "அது பொண்ணு இல்ல பெரிம்மா" என்றேன். "பொம்பளையா? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அழ ஆரம்பித்தீர்கள். இரண்டாம் தடவை, பொறாமையில் அவளை நான் ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டு கெங்கம்மாள் அக்காவிடம் போனைக் கொடுத்து அந்தப் பதிவையே எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "கேளுடி. ஒரு வார்த்த இருக்குதா பாரு. மூச்ச மட்டும் இழுத்துக்கினு போவுது. இந்தக் காலத்துல இப்புடி அடக்கமான பொண்ணு எங்க கெடைக்கும்?" அதனால் கடிதம். நடுவில் யாரும் பேச முடியாது. அப்பா நாளை விழுப்புரம் வருகிறார், கொடுத்தனுப்புகிறேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். வேலை வரவில்லை. மதியங்கள் நீளமாக இருந்தன. உலகத்தில் யாரும் அதிகம் கற்றுக்கொள்ளாத வாத்தியங்களைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு பெட்டி இருக்கிறது பெரியம்மா, அதைத் தொடவே கூடாது, கம்பிகளுக்குப் பக்கத்தில் காற்றில் கையை அசைத்தால் பாடும். ஒரு பலகை, அரைவட்டமாக ஆணி அடித்தது, வயலின் வில்லால் ஆணியை இழுக்க வேண்டும். கோவில்களில் ஊதும் திருச்சின்னம், இரண்டு குழல்களை ஒரே வாயில் வைத்து. இவ்வளவு பக்கத்தில் இருந்த அதை இருபத்தாறு வயதுவரை நான் அறியவில்லை. கையில் கிடைத்த எல்லாவற்றையும் மனிதர்கள் ஒரு முறையாவது காதருகே கொண்டுபோயிருக்கிறார்கள். இதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மாத்திரை கொடுத்தாள்.

பிறகு நானே செய்து பார்த்தேன். கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, விரலை நனைத்து விளிம்பைச் சுற்றினால், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத ஒரு ஒலி. அதன் அழகில் நான் கண்ணை மூடிக்கொள்ள, ஆறு டம்ளரும் மேசையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, அன்றுமுதல் விருந்தாளிகளுக்கும் எவர்சில்வர்தான். அனந்தபுரம் சந்தையில் கிருஷ்ணசாமி அண்ணன் கடைப் பித்தளைக் குண்டான்களைத் தட்டித் தட்டி ஐந்து சுரம் கண்டுபிடித்தேன், ஆறாவதைத் தேடும்போது அவர் "வாங்க வந்தியாம்மா, வாசிக்க வந்தியா?" என்று கேட்க, ஒரு மூடியை வாங்கிக்கொண்டு வந்தேன், அதற்குக் குண்டான் எங்களிடம் இல்லை. ஆணி வாத்தியத்துக்காக அப்பாவின் பட்டறையில் சும்மா கிடந்த பலகையில் இருபத்திரண்டு ஆணி அடித்தேன். அது சும்மா கிடக்கவில்லை. ஒருவர் வீட்டு ஜன்னல் சட்டம். கிரகப்பிரவேசம் முடிந்துவிட்டது, துளைகள் காற்றுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார்.

கடைசியில் ரம்பம்.

கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்க வேண்டும். பல் நம் பக்கம். நுனியை இடது கையால் வளைத்து, பல் இல்லாத முதுகில் வில்லை இழுக்க வேண்டும். வில்லைக் கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் மலர்விழியிடம் வாங்கினேன். அவள் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். கொடுக்கும்போது அவள் சொன்னதை முழுதாக எழுத இந்தத் தாள் போதாது. ஒன்பது நாள் கிறீச்சென்றது. "அறுக்கிறத வச்சிக்கினு ஏன்டி அழ வைக்கிற?" என்றார் அப்பா. பத்தாம் நாள் இரும்பு பாடியது. நான் பாடவைத்ததாகத் தோன்றவில்லை. அதற்குள் ஏற்கெனவே இருந்தது, வளைத்ததும் வெளியே வந்தது.

திருப்பலியன்று நற்கருணை வாங்கிய பின் பாட வேண்டிய அஸ்வினிக்குக் காய்ச்சல். பாடகர் குழுவை நடத்தும் ஆரோக்கிய ஜெனித் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மலர்விழியிடம் காட்டக் கொண்டுபோயிருந்த ரம்பத்தைத் தலையணை உறையிலிருந்து எடுத்தேன். "ஃபாதர் பாத்தா என்னா நெனப்பாரு?" என்றார். "மேல ஏறி வரமாட்டாரு அண்ணா, முட்டி வலி" என்றேன். மாடத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். வில்லை எடுத்த பிறகும் அந்த ஒலி போகாமல் கொஞ்ச நேரம் நின்றது. கீழே யாரும் இருமவில்லை. தொம்மை பெரியப்பா மெதுவாகப் பேசுகிறவர். அவருக்குப் பிடித்திருக்கும்.

வரும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே அப்பா கேட்டார். "நம்ம ரம்பமா அது?"

"ஆமாப்பா."

"ரெண்டாவது வாட்டி மேல போச்சே, அங்க உதறுச்சி."

திங்கட்கிழமை அதே ரம்பத்தால் ஒரு கதவு நிலை அறுத்தார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

இனிதான் கஷ்டமான பகுதி. நான்கு வருடமாக எந்தப் பெண்ணின் படத்தையும் நிமிர்ந்து பார்க்காத அலெக்ஸ் அண்ணன், இதைக் கேட்டுவிட்டு "யாரு?" என்றாராம். ஒரே சொல். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறியதைக் கேட்டேன். நாள் முழுக்கக் கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டு, ஓடுகிற மோட்டாரில் காதை வைத்தே கோளாறு சொல்கிறவர், வீட்டுக்கு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். பெரியப்பாவும் இல்லாத வீட்டில் நீங்கள் யாரிடம் பேசுவீர்கள். அந்த ஒரு சொல்லை நான் உடைக்க வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக வர வேண்டாம். பட்டறை ஆணியில் தொங்கும் ஒன்றுக்கு யாராலும் பூ வைக்க முடியாது. அதை வாசித்தவள் அவருக்குத் தங்கை.

உங்கள் கால் நன்றாக நடக்கட்டும். கெங்கம்மாள் அக்காவுக்கு என் வணக்கம். அந்தப் பதிவை அவர் யாருக்கும் அனுப்பாதிருக்க ஆண்டவர் அருள்வாராக.

என்றும் உங்கள்,
சகாய பிரியா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அலெக்ஸ் அண்ணன் வந்து நின்றார். கடையைப் பாதியில் மூடிவிட்டு. "ரம்பம் எங்க?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "இரும்பு சத்தம் எனக்குத் தெரியாதா? யாரு வாசிச்சதுன்னுதான் கேட்டேன். அதுக்குள்ள அம்மா பூக்கடைக்குப் போயிடுச்சு."

எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து வில்லைத் திரும்ப வாங்க மலர்விழி வந்தாள். "ஒரு மாசம் ஆச்சிடி, வில்லுல குதிர முடி அறுந்தா மாத்துறதுக்குப் பாண்டிக்குத்தான் போவணும், போன வாட்டி நின்னுக்கினே போனேன், ஐய, ரம்பத்த இப்டியா புடிப்பாங்க, முட்டிய சேத்து வைங்க சார், அது என்னா மீனா நழுவுறதுக்கு, கைய வளைங்க, பயப்படாதீங்க, கடிக்காது." அவர் வளைத்தார். அவள் வில்லை இழுத்தாள். கிறீச்சென்றது. "இன்னொரு வாட்டி" என்றார் அண்ணன். ஒன்றரை மணி நேரமாக அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். அவர் அந்த இரண்டு சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார், தட்டைப் பார்ப்பது போலக் குனியாமல். வில்லை அவள் இன்னும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்ததை எழுதுகிறேன். அடக்கம் என்றீர்களே, அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பூ கொஞ்சமாக வாங்கினால் போதும்.

கடிதத்தை ஒட்டி அப்பாவின் பையில் வைக்கப்போகிறேன். பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் டீ போட வேண்டும். எவர்சில்வர் டம்ளரில்.