ஒத்திகையில் காலியான வீடு

தனியாகப் பேசும் பழக்கம் எனக்கு உண்டு. (பைத்தியமெல்லாம் இல்லை. இங்கிலீஷ்தான்.)

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கிளார்க்காக இருந்த எனக்குப் பதவி உயர்வோடு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. ராயபுரம் வாடகை வீட்டில் நானும் நைனாவும் மட்டும்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனைத் தனியே விட்டுப் போக மனசு வரவில்லை. கம்பெனி குடும்ப வீடு கொடுத்தால் போவது, இல்லையென்றால் பதவி உயர்வுக்கு ஒரு பெரிய கும்பிடு. இதை மும்பை எச்.ஆர். மேடத்திடம் வீடியோ காலில் இங்கிலீஷில் கேட்க வேண்டும்.

போனில் பாடம் பார்த்தேன். அக்காமடேஷன் என்றால் 'அரேஞ்ச்' பண்ண வேண்டுமாம். எக்ஸ்பென்ஸ் என்றால் 'கவர்'. சப்போர்ட்டுக்கு 'ப்ரொவைட்'. எதற்கு எது ஜோடி என்று ஒரு வாரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உருப்போட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தால் போரடிக்கிறதே என்று குரலை மாற்றி, மேடமாகவும் நானே பதில் சொன்னேன். "யெஸ் ஸ்டெல்லா, வீ வில் அரேஞ்ச் அக்காமடேஷன்!" என் மேடம் தாராள மனசுக்காரி. வெள்ளிக்கிழமைக்குள் கடல் பார்த்த வீடே கொடுத்துவிட்டாள்.

நிஜ மேடம் திங்கட்கிழமை திரையில் வந்தார். நான் "குட் மார்னிங்" சொல்லி முடிக்கவில்லை, என் முதுகுக்குப் பின்னால் பீரோ நகர்ந்தது. இரண்டு பேர் தூக்க, "பாத்து தூக்கு மாமு, கண்ணாடி கீது" என்று நைனா வழிகாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஹவுஸ் ஓனர். அவருக்குப் பக்கத்தில் கட்டிலோடு ஒரு புதுக் குடும்பம்.

"நைனா! இன்னா இது?"

"இன்னா இன்னா? வூட்டக் காலி பண்றோம்னு வூட்டுக்காரராண்ட அன்னிக்கே சொல்ட்டேன். ஒரு வாரமா அந்தம்மா போன்ல எஸ்ஸு எஸ்ஸுன்னு சொல்லிகினு கீதே!"

"அய்யோ, அது நான்தான் நைனா!"

பீரோ பாதியில் நின்றது. உருப்போட்ட ஜோடிகளெல்லாம் எங்கே போயினவோ! "மேடம், ஹவுஸ் கான். ஃபாதர், பீரோ, ஆல் அவுட்சைட். ப்ளீஸ்" என்றேன், அழாத குறையாக. (ஒரு 'அரேஞ்ச்'? ஒரு 'கவர்'? ம்ஹூம்.)

மேடம் விவரம் கேட்டார். குரல் மாற்றிப் பேசியது வரை தப்பும் தவறுமாக ஒப்பித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "யெஸ் ஸ்டெல்லா, வீ வில் அரேஞ்ச் அக்காமடேஷன்."

அட்சரம் பிசகவில்லை! சந்தோஷம் தாங்காமல் நைனாவைக் கட்டிக்கொண்டேன். "இத்தத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் அலட்டிக்கொண்டார். கிளம்பும்வரை பத்து நாள் அந்தப் புதுக் குடும்பத்தோடு அதே வீட்டில் ஒண்டிக்கொண்டு, அவர்கள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டோம்.

விசாகப்பட்டினம் வந்து மூன்று வருஷமாகிறது. இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது என் வாய் முணுமுணுத்தால், நைனா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்:

"நெஜமா பேசறியாம்மா, ரிகர்சலா? பீரோவைத் தூக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடு."