மாப்பிள்ளை பூட்டிக் கொடுத்த பெட்டியின் சத்தம்

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை சுரேஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் முருகானந்தம் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை ஆனந்தவள்ளியும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தையும் தன் சுகத்தையும் பானுமதி தினமும் போனில் சொல்லிவிடுவதால், அறிய ஆவலாயிருக்கிறேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இருந்தாலும் ஆவல் இல்லாமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குக் கை வரவில்லை. ஆகவே ஆவலாகவே இருக்கிறேன். இதை உங்கள் ஓசூர் அலுவலக முகவரிக்கு அனுப்புவதற்கு ஒரே காரணம்தான். வீட்டுக்கு அனுப்பினால் என் மகள் முதலில் பிரிப்பாள், பிரித்த ஐந்தாவது நிமிடம் எனக்குப் போன் வரும்.

விஷயம், சித்திரை மாதம் நீங்கள் உங்கள் கையாலேயே ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டிக் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கம்ப்யூட்டரைப் பற்றியது. குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தமிழ் அகராதி அளவுப் பெட்டிக்குள் இவ்வளவு சாமான்களை அடக்கியதைப் பார்த்து எங்கள் தெருவே வியந்தது. அத்தைக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது உங்களுக்கே முழுவதும் தெரியாது. முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள், அடுத்த ஒரு வருடம் காலண்டர் தாளைக் கிழிக்கக்கூட எழுந்திருக்காமல் இருந்தாள். எந்தக் கிழமை என்று கேட்டால், "எதுவா இருந்தா என்னங்க" என்பாள். நீங்கள் பெட்டியை வைத்துவிட்டுப் போன பிறகுதான் கத்தார், துபாய், சிங்கப்பூர் என்று ஏழு பிள்ளைகள் சேர்ந்தார்கள். சாயங்காலம் நாலரை மணி வகுப்புக்கு மூன்று மணிக்கே இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். காமிராவில் தோளுக்கு மேல்தான் தெரியும் என்று நான் சொன்னதற்கு, "பாடம் எடுக்கிறது நான் முழுசாத்தானே" என்றாள்.

முதல் இரண்டு வாரம் பெட்டி இருக்கிற இடமே தெரியவில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் அதற்கும் என்னவோ ஆகிவிட்டது. முதலில் பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி ஒரு சத்தம். ஈ போகட்டும் என்று விட்டோம். ஒரு வாரத்தில் அது தில்லை நகரில் எனக்குக் கடைவாய்ப் பல்லை ராவிய டாக்டரின் மெஷின் சத்தமாக வளர்ந்துவிட்டது. அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவளால் பெட்டிக்குள் ஓடுகிற, விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஃபேனை அடக்க முடியவில்லை. இவள் இங்கே தர்ட்டீன் என்று சொன்னால் அங்கே தர்ட்டி என்று கேட்கிறது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் மிளகுப் பால் குடித்தாள். தோஹாவில் இருக்கும் தஹ்ஸீன் என்கிற எட்டாம் வகுப்புப் பெண், "மிஸ், உங்க வீட்டுல கிரைண்டர் ஓடுதா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அவளுடைய அம்மா நஜீமா நம் ஊர்ப் பெண், பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். அவளும் மரியாதையாகத்தான் சொன்னாள். "மிஸ், நீங்க சொல்லிக் குடுக்கிறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா புள்ளைக்குத் தலைவலி வந்துடுது. சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்ல எல்லாரும் பேசி ஒரு முடிவு பண்ணலாம்னு இருக்கோம்." என்ன முடிவு என்று அத்தை கேட்கவில்லை. அன்றைக்குச் சேலையை மடித்து வைத்த விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

உங்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். நான் போனை எடுத்ததும் அத்தைதான் தடுத்தாள். "மாப்பிள்ளை ஆசையா செஞ்சு குடுத்தது. அதப் போயி நொட்டை சொல்வீங்களா?" சரி என்று வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் பானுமதியே கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் எப்படிப்பா ஓடுது?" என்றாள். சத்தமே இல்லைம்மா என்றேன். "அப்ப பக்கத்துல என்னப்பா அது, கொய்யுனு?" தண்ணீர் மோட்டார் என்றேன். "ஹாலுக்குள்ளயா?" என்றாள். நான் சிக்னல் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டேன். இந்தப் பொய்க்காக உங்கள் மூலமாக அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டாம்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு இது ஒரு பெரிய வேலையா என்று நானே இறங்கினேன். நான் அங்கே எஞ்சினைத் தொட்டதில்லை, எஞ்சினுக்குப் போகும் நட்டு போல்ட்டுக்குச் சீட்டு எழுதினேன் என்பது வேறு விஷயம். முதலில் பெட்டிக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். சத்தம் கொஞ்சம் கூடியது. பிறகு பின்பக்க ஓட்டைகளில் பஞ்சை உருட்டி அடைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "எடுங்க முதல்ல. மூக்குல பஞ்சு வெச்ச மாதிரி, பாக்கவே நல்லால்ல" என்றாள். எடுத்தேன், பாதிதான் வந்தது. மறுநாள் வகுப்புக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிச் சமையலறை மர அலமாரிக்குள் வைத்து, வயரை மட்டும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அப்படி ஒரு அமைதி. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி. அந்தச் சிரிப்பு பதினோரு நிமிடம் நீடித்தது. பன்னிரண்டாவது நிமிடம் திரை இருண்டுவிட்டது. கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல். மேல் தட்டில் இருந்த அப்பளக் கட்டு, எண்ணெய் இருந்தால் பொரித்திருக்கலாம் என்கிற பதத்தில் இருந்தது. அங்கே ஏழு நாட்டுப் பிள்ளைகளும் லீவு விட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டதாகப் பிறகு தெரிந்தது. ஏழு நாடு இல்லை, மூன்று நாடு. பதற்றத்தில் எழுதிவிட்டேன்.

போன வாரம் வியாழக்கிழமை தில்லை நகரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பெட்டியைத் திறக்காமலே காதால் பார்த்துவிட்டு, "சார், இது பவர் சப்ளைக்குள்ள இருக்கிற ஃபேன். தனியா மாத்த மாட்டோம், பவர் சப்ளையோட மாத்தணும். இந்த சைஸ் இங்க வராது. பேசாம எல்லாத்தையும் கழட்டிப் பெரிய கேபினட்ல போட்டுடுங்க" என்றார். நீங்கள் ராத்திரி கண் விழித்து அடுக்கியதை அவர் அரை மணி நேரத்தில் பிரித்து ஒரு பீரோவுக்குள் போடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? முடிவு எடுக்கப் போகிற நஜீமாவேதான். அத்தை வெட்கத்தை விட்டு நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னாளாம். "மிஸ், எங்க சாச்சா கலீம், பாலக்கரையில மிக்ஸி, ஃபேன் ரிப்பேர்க் கடை வெச்சிருக்காரு. சின்ன மோட்டார்னா அவருக்கு உசுரு. நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன், சாரைப் போகச் சொல்லுங்க." மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடிந்து அவர் கடை திறக்கும்போது நான் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். நஜீமாவுக்குச் சித்தப்பா, ஐம்பத்தைந்து வயதிருக்கும், நிதானமான மனிதர். பெட்டியை ஓட விட்டு, ஸ்க்ரூ டிரைவரின் நுனியைத் தகரத்தில் வைத்துக் கைப்பிடியைத் தன் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ சொன்னார். நேரம் போகிறதே என்று நான் அந்தப் பவர் சப்ளையின் மூடியில் கை வைத்தேன்.

"சார், கை எடுங்க. பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கரண்ட் கொஞ்ச நேரம் நிக்கும். டீ எனக்காகச் சொல்லல, அதுக்காகத்தான் சொன்னேன்."

டீ குடித்தோம். மீட்டரை வைத்து இரண்டு தடவை பார்த்த பிறகுதான் திறந்தார். உள்ளே இருந்த ஃபேன் தீப்பெட்டி அளவுதான். அதன் நடுவில் எண்ணெய்ப்பசை காய்ந்துபோயிருந்தது. விசிறி இதழ்களில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. "பஞ்சு எப்படி சார் இதுக்குள்ள வந்துச்சு?" என்றார். எங்கள் பக்கம் இலவ மரம் அதிகம் என்றேன். "ஸ்ரீரங்கத்துலயா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பெட்டியைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தது, துண்டு, அலமாரி எல்லாம். சூடு வெளியே போக வழியில்லாமல்தான் ஃபேன் அப்படி மூச்சு வாங்கியிருக்கிறது என்றார். இன்னொன்றும் இருந்தது. வயர்களைச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவின் வெட்டாத நுனி ஒன்று ஃபேனின் இதழில் உரசிக்கொண்டிருந்தது. "இது யாரு கட்டினது?" என்றார். என் மாப்பிள்ளை என்றேன். கலீம் பாய் சற்று நேரம் அதையே பார்த்தார். "நல்லா இறுக்கமாக் கட்டியிருக்காரு. ஆயுசுக்கும் அவுறாது" என்று சொல்லிவிட்டு, நுனியை மட்டும் கத்தரித்துக் கீழே போட்டார். இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று அத்தை சொன்னாள். நானும் எழுதுவதாக இல்லை.

அதே அளவில், அதே மின்சாரத்தில் ஓடுகிற வேறு ஃபேன் ஒன்றை எடுத்துப் போட்டு ஈயத்தால் பற்றவைத்தார். ஓட விட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஓடவில்லையே என்றேன். என் கையைப் பிடித்துப் பெட்டியின் பின்னால் வைத்தார். காற்று வந்தது. வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்ததற்குப் பொறுப்பு நான்தான், அவர் கேட்டுவிட்டுத்தான் கிழித்தார்.

சனிக்கிழமை மீட்டிங்கில் அத்தை பேச ஆரம்பித்ததும் எல்லாப் பெற்றோரும் திரைக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு நஜீமா, "மிஸ், இப்பத்தான் உங்க குரலே எங்களுக்குக் கேக்குது" என்றாள். அவ்வளவுதான், முடிவு என்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அத்தை கத்தவில்லை, தன் சொந்தக் குரலில் பேசினாள். அந்தக் குரலை நானும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நடுவில் இரண்டு தடவை கையை நீட்டிப் பெட்டி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நேற்று வைத்த பரீட்சையில் ஏழு பிள்ளைகளும் இருபதுக்குப் பத்தொன்பது. முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு வகுப்பு தனக்கு அமைந்ததில்லை என்று சொல்லி முந்திரி போட்டுக் கேசரி கிளறினாள். சத்தம் போனால் பிள்ளைகளுக்கு மூளை எப்படித் திறக்கிறது பாருங்கள். ஆகவே நீங்கள் எதையும் நினைத்துக் கவலைப்பட வேண்டாம், புதிதாக எதுவும் அனுப்பவும் வேண்டாம்.

அரங்கன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல வேலையும், வேளைக்குச் சாப்பாடும் தரட்டும். அத்தை தன் ஆசியையும் இதிலேயே சேர்த்து எழுதச் சொன்னாள், சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைவேலையில் என்றும் நம்பிக்கையுள்ள மாமனார்,
முருகானந்தம்.

பி.கு. கடிதத்தை நேற்றே தபாலில் போடாதது நல்லதாகப் போயிற்று. இதைக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலரையிலிருந்து ஐந்தரை வரை நான் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அத்தை விடைத்தாள்களை மறுபடி பார்த்திருக்கிறாள். ஏழு பேரும் தவறவிட்டது ஒரே கணக்கு, ஏழு பேர் எழுதியதும் ஒரே தப்பு விடை. தஹ்ஸீனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "மிஸ், ஃபேன் சத்தம் போனதுலேருந்து பக்கத்து ரூம்லேருந்து தாத்தா ஆன்ஸர் சொல்றது நல்லா கேக்குது" என்று உண்மையைச் சொல்லிவிட்டது. அத்தை கேள்வி வாசித்தால் நான் பென்சிலை வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பது வழக்கம், வாய்க்குள்தான் சொல்லிக்கொள்வதாக நினைத்திருந்தேன். பழைய ஃபேனையே திரும்பப் போட்டுவிடச் சொல்லிக் கலீம் பாய்க்குப் போன் போய்விட்டது. திங்கட்கிழமை மறுபரீட்சை. ஏழு பேரும் தவறவிட்ட கணக்கு இதுதான்: ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? நான் நாலரை மணி நேரம் என்றேன். அவள் இரண்டே மணி நேரம் என்கிறாள். நம் ஊரில் எந்தக் குழாய், மாப்பிள்ளை, இரண்டு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பியிருக்கிறது?